பத்தாவது அங்குலம்

கொல்லைக் கதவோரம் ஆணியில் தொங்க வேண்டிய அடிக்கோல் அங்கே இல்லை.

டோரீன் ஹாவ்லிசெக் வீட்டில் ஒரு பொருள் தானாக இடம் மாறிய சரித்திரம் கிடையாது. அதுவும் அந்த மரக்கோல்! பத்தாவது அங்குலத்தில் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டு, கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்தாள். ஊர் விதி அது: முற்றத்துப் புல் பத்து அங்குலத்தைத் தாண்டினால் நோட்டீஸ், ஏழு நாளில் வெட்டாவிட்டால் நகராட்சியே வந்து வெட்டும். ஆல்டர் தெருவில் யாரும் கதவைத் தட்டிச் சொல்வதில்லை. பெயர் சொல்லாமல் ஒரு போன், அவ்வளவுதான். மறுநாள் கேக்கோடு போய், யார் செய்த வேலையோ என்று உச்சுக்கொட்டுவது மட்டும் டோரீனின் தனிச்சிறப்பு.

பக்கத்து வீட்டு வெர்லின் ஸ்ட்ரவுடிடம் அது பலிக்கவில்லை. ஏப்ரலில் மனைவி மாக்சீன் போனதிலிருந்து அவர் புல்லைத் தொடவே இல்லை. நோட்டீஸ் வந்த மறுநாள் வேலியருகே வந்து நின்றார்.

"போன் பண்ணது நீதான்னு தெரியும் டோரீன். கேக்கைத் தூக்கிட்டுப் போ."

"நானா? ஐயோ, நல்லா இருக்கே!"

"மாக்சீன் சாம்பலை இந்தப் புல்லுலதான் தூவியிருக்கேன். அவ ஆசைப்பட்டா. இந்தக் கோடை மட்டும் விட்டுடேன்."

"பத்து அங்குலத்துக்கு மேல எது நின்னாலும் வெட்டணும், வெர்லின். செத்தவங்களுக்குன்னு தனி அளவா போட்டிருக்காங்க?"

அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார். "இதை அவகிட்டயே சொல்லு."

இன்று காலை நகராட்சி வண்டி வந்தது. பார்க்க மனமில்லாமல் வெர்லின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். வெட்டும் இயந்திரத்தின் வாய் டோரீன் பக்கமே திரும்பியிருந்ததால், சாம்பல் கலந்த பச்சைத் தூள் வேலி தாண்டி வந்து அவளுடைய ஒழுங்கான இரண்டரை அங்குலப் புல்வெளி முழுக்கப் படிந்தது. அவள் நாலு தரம் தும்மினாள். பிறகு ஜெயித்தவளாக ஐஸ் டீ குடித்தாள்.

இப்போது பொழுது சாய்ந்து, ஜூலை மாதத்துப் புழுக்கத்தில் வெட்டிய புல்லின் பச்சை வாடை வீட்டுக்குள் வந்து கனத்துக் கிடக்க, அதற்கு அடியிலிருந்து இன்னொரு வாடை மெல்ல எழுந்தது. புதினா சிகரெட். வேலியோரம் நின்று மாக்சீன் ஊதுவாளே, அது. அதைப் பற்றியும் டோரீன் ஒருமுறை புகார் செய்திருந்தாள்.

சன்னலில் ஏதோ உரசியது. திரை விலக்கிப் பார்த்தாள். புல். அவளுடைய புல். சன்னல் விளிம்பு வரை.

காற்றில்லை. ஆனாலும் புல் நடுவே வகிடு பிரிந்து, அந்த வகிடு கொல்லைக் கதவை நோக்கி நீண்டுகொண்டே வந்தது.

பயந்துபோனால் மனிதர்கள் போலீசைக் கூப்பிடுவார்கள். டோரீனின் விரல் பழகிய எண்ணைத்தான் அழுத்தியது: நகராட்சிப் புகார்ப் பிரிவு.

"முகவரி?" பெண் குரல். கரகரப்பு.

டோரீன் சொன்னாள். தன் முகவரியையே சொன்னாள்.

"எவ்ளோ உசரம்?"

"பத்துக்கு மேல... ரொம்ப மேல. யாரையாவது சீக்கிரம் அனுப்புங்க!"

அந்தப் பக்கம் ஒரு இருமல். வேலியோரம் இருபது வருடம் கேட்ட இருமல்.

"அளந்து பாத்துடுறேன் டோரீன்."

போன் கீழே விழுந்தது.

கதவிடுக்கில் மரம் தரையில் தேயும் சத்தம். அடிக்கோல் உள்ளே வந்தது. ஈரமாக. ஒட்டிய புல்லோடு.

யாரும் பிடிக்கவில்லை. அது நிமிர்ந்தது.

அவள் கால் நகரவில்லை. குதிகாலருகே ஜில்லென்று மரம் பட்டது. நேராக நின்றது. கோணலைச் சரிசெய்துகொண்டது, அவள் செய்வதைப் போலவே. சிவப்புக் கோடு கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே.

அதற்கு மேலே டோரீன் இன்னும் நிறைய இருந்தாள்.

கொட்டகையில் அவளுடைய புல்வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பும் கயிற்றை யாரோ இழுத்தார்கள்.

ஒருமுறை. மறுமுறை.

மூன்றாம் இழுப்பில் பிடித்துக்கொண்டது.