லவீனியாவுக்கு ஓர் இலை

விலைமதிப்பற்றது என்று சேகரிப்பாளர்கள் பத்திரிகையில் எழுதிய குரலுக்கு ஆனந்தராஜா கொடுத்த விலை இருபத்தெட்டுப் பவுண். லண்டன் ஸ்ட்ரெதமில், பரஃபின் ஹீட்டர் மணக்கும் கவுன்சில் வீடொன்றில், கறுப்பினக் கிழவி ஒருத்தி கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துத் தந்த பெட்டிக்கு முப்பது கேட்டாள். பஸ் காசு என்று சொல்லி இரண்டைக் குறைத்தார். பெட்டிக்குள் 1952இல் சிக்காகோவில் பதிந்து, வெளிவராமலே கிடந்த பத்து புளூஸ் பாட்டுகள். பாடியவள் அவளேதான்: அப்போது இருபத்திரண்டு வயது லவீனியா டாட்ஸன். ஒரு பியானோ, ஒரு குரல், வேறொன்றுமில்லை.

அந்தக் குரல்தான் இப்போது தேய்ந்துகொண்டிருந்தது.

“அண்ணை, இன்னும் ஏழு தட்டு திரும்பி வந்திருக்கு,” என்றார் பெனடிக்ற். மன்னார்க்காரர், ஃபாரஸ்ட் கேட் கடையில் தபால் வேலை முழுக்க அவர் பொறுப்பு. முன்பக்கம் தமிழ்ப் பாட்டுக் கசெற்றுகள், பின்னறையில் ஆனந்தராஜா மறுபதிப்புச் செய்து தபாலில் விற்கும் பழைய அமெரிக்க இசைத்தட்டுகள். “பியானோ நல்லாக் கேக்குதாம். பாடுறவதான் தள்ளிப் போய் நிண்டு பாடுறாவாம்.”

“ஊசியை மாத்தச் சொல்லும்.”

“ஏழு பேற்றை ஊசியும் பிழையெண்டால், நாங்கள் ஊசி யாவாரத்துக்குப் போறது நல்லம்.”

ஆனந்தராஜா பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு தட்டைப் போட்டார். வாங்கிய புதிதில், பாட்டுத் தொடங்குமுன் அவள் உதடு பிரியும் ஈரச் சத்தம்கூடக் கேட்கும்; காதோடு வாய் வைத்துப் பாடுவதுபோல இருக்கும். இப்போது, புதுத் தட்டின் மெழுகு வாசமும் ஈரச் சுவரின் பூஞ்சண வாசமும் கலந்த அந்தச் சின்ன அறையில், பியானோ மட்டும் பழைய இடத்திலேயே இருந்து வாசிக்க, அவள் எழும்பி, ஒரு நீளமான நடைவழியில், பாடியபடியே, சுவரைத் தடவித் தடவிப் போய்க்கொண்டிருப்பதுபோலக் கேட்டது. நேற்றைக்கு அடுத்த அறையில் இருந்தாள். இன்றைக்கு அதற்கும் அடுத்த அறையில்.

எப்போது தொடங்கியது என்று அவருக்குத் தெரியும். யாருக்கும் சொல்லக்கூடிய விஷயமில்லை அது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். மறுபதிப்புத் தொழிலில் அந்தக் கணக்குச் செல்லாது. பாடகி இருந்தால் பங்கு கேட்பாள். இறந்தால் விலை ஏறும். அதிலும் அநாதையாக இறந்தால் இன்னும் விசேஷம். ஆகவே தட்டின் உறையில், அவளுடைய இளவயதுப் படத்துக்குக் கீழே, இரண்டு வரி சேர்த்திருந்தார்: ‘லவீனியா டாட்ஸன் 1971 நவம்பர் 19இல் காலமானார். உறவினர் எவருமில்லை.’ பொய்க்கு ஒரு திகதி தேவைப்பட்டபோது வாயில் வந்தது அவருடைய தாய் நாகமுத்து செத்த திகதி. சும்மா கிடைத்ததை எடுத்துப் பாவிப்பது பழகிப்போன கை.

அந்த உறைகளை மட்டைப் பெட்டிகளில் பொதிபவள் அவருடைய மனைவி சிவகௌரி. வாசித்துவிட்டாள்.

“இஞ்சேருங்கோ, மாமி செத்த அதே நாள். ஒருத்தருமில்லையாம் பாவம். இந்த முறை மாமியின்ரை திவசத்திலை இவவுக்கும் ஒரு இலை போடுவம்.”

“அவ வேதக்காரியப்பா, சேர்ச்சுக்குப் போறவ.”

“வேதக்காரருக்குப் பசிக்காதோ? அவவின்ரை பாட்டிலைதானே நாங்கள் சோறு தின்னுறம்.”

அவ சாகேல்லை. இரண்டே சொல். சொல்லாமல் அடுத்த பெட்டிக்கு நாடா ஒட்டினார். கோயிலில் நாலு பெண்களுக்கு முன்னால், “என்ரை மனிசன் ஒருத்தற்றை காசிலை ஒரு சதம் தொடாது” என்று சொல்லுகிறவள் அவள். அவளுடைய அந்த முகத்தை இழக்க அவரால் முடியவில்லை. ஐயரிடம் இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்தாள். அந்தக் கிழமைதான் முதல் தட்டுத் திரும்பி வந்தது.

திதி சனிக்கிழமையில் விழுந்தது. ஐயர் மத்தியானமே காரியத்தை முடித்துக்கொண்டு போய்விட, கடைக்கு மேலே இருந்த வீட்டில் பின்னேரப் படையல். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. சின்ன அறையில் குத்துவிளக்கு, சாம்பிராணி, பொரித்த வாழைக்காய், உழுத்தம் வடை, வேகவைத்த பருப்பின் ஆவி. கிறீன் ஸ்ட்ரீட்டில் யானை விலை கொடுத்து வாங்கிய இரண்டு வாழையிலைகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றுக்கு முன்னால் தாயின் படம். மற்றதற்கு முன்னால் இசைத்தட்டு உறை. கீழே கடையில் பெனடிக்ற் திரும்பி வந்த தட்டொன்றைப் போட்டுப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். பலகைத் தரை வழியே பியானோவும், நூலாய் மெலிந்த அந்தக் குரலும் ஏறி வந்தன.

“பேரைச் சொல்லித் தண்ணி விடுங்கோ,” என்றாள் சிவகௌரி.

இப்போதாவது சொல்லலாம். செம்பை எடுத்தார். அவள் கைகூப்பி, கண்ணை மூடி நின்றாள்.

“நாகமுத்து,” என்றார். தண்ணீர் விட்டார்.

பிறகு, வாய்க்குள்ளே, “லவீனியா.”

கீழே குரல் நின்றது. ஒரு சொல்லின் நடுவில். பியானோ மட்டும் வாசித்துக்கொண்டே போனது.

இறந்தவர்கள் உண்ணும்போது பார்க்கக்கூடாது. இருவரும் வெளியே வந்தார்கள். சிவகௌரி கதவைச் சாத்தினாள். நடைவழியில் நின்றார்கள்.

தொலைபேசி அடித்தது.

சிவகௌரிதான் எடுத்தாள். கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“ஸ்ட்ரெதமிலையிருந்து ஒரு மனிசி. உங்களுக்குப் பெட்டி வித்தவவாம்.” நிறுத்தினாள். “தன்ரை பேர் லவீனியாவாம்.”

காது, கழுத்து, உள்ளங்கை எல்லாம் எரிந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் ரிசீவரை வாங்கினார்.

“மிஸ்டர் ராஜா,” என்றாள் கிழவி. கோபமில்லை. பிறர் வீட்டுக்கு வந்தவளின் பணிவு. “என்னை யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இந்த அறைக்குக் கதவு எங்கே என்று தெரியவில்லை. சின்ன அறை. விளக்கு எரிகிறது. ஏதோ இலையில் சோறு இருக்கிறது. எனக்கா என்று தெரியாமல் எப்படி எடுப்பது?”

அவர் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“பக்கத்தில் ஓர் அம்மா இருக்கிறார். வெள்ளைச் சேலை. நல்ல மனுசி. எனக்குப் பிசைந்து தருகிறார். அவர் பேசுவதில் ஒரு சொல்தான் எனக்கு விளங்குகிறது.” மூச்சு வாங்கினாள். “உங்கள் பேர்.”

பிறகு வெறும் இரைச்சல்.

பிறகு, சாத்திய கதவுக்குப் பின்னால், உதடு பிரியும் ஈரச் சத்தம்.

பாட்டு. இருபத்திரண்டு வயதுக் குரல், முழுசாக, கிட்டத்தில். கீழே பியானோ அதற்குத் தாளம் தப்பாமல் வாசித்தது. பலகை அதிர்ந்தது. ஒரு வரி. இன்னொரு வரி. குரலும் பியானோவும் ஒன்றாய் நின்றன.

“அவ உயிரோடையோ இருந்தவ?” என்றாள் சிவகௌரி.

அவர் நிலத்தைப் பார்த்தார்.

“உயிரோடை இருக்கிற மனிசிக்கோ என்னைக் கொண்டு சோறு படைப்பிச்சனீங்கள்?”

கத்தவில்லை அவள். ஓர் அடி பின்னால் போனாள். சுவரோடு ஒட்டி நின்றாள், அவருடைய சட்டை தன்னில் படக்கூடாது என்பதுபோல. அவள் கண் தன்மேல் படும் அந்த இடத்தில் இன்னொரு நிமிஷம் அவரால் நிற்க முடியவில்லை. போவதற்கு இருந்தது ஒரே பக்கம். கதவு.

திறந்தார்.

விளக்கு எரிந்தது. ஆளில்லை. பரஃபின் மணம். தாயின் இலை துடைத்த மாதிரி, உண்டு எழும்பியவர் மடிப்பதுபோல மடித்துக் கிடந்தது. பக்கத்து இலையும் மடித்திருந்தது. பழகாத கை, கோணல் மடிப்பு.

இரண்டுக்கும் நடுவில் இன்னோர் இலை. பச்சையாக. அப்போதுதான் தண்ணீர் தெளித்து, நுனி இடப்பக்கம் வரப் போட்டிருந்தது. ஒன்றும் பரிமாறவில்லை.

“சிவகௌரி,” என்றார். “எத்தினை இலை வாங்கினனீர்?”

“இரண்டு.”

வாங்கியது இரண்டு. உண்டு மடித்தது இரண்டு. விரித்தபடி ஒன்று.