உடம்பு அப்படியே இருக்கட்டும்

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி வெயிலில் அமுதவல்லி அத்தை என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கல்யாண ஆல்பம், பின்னால் என் தங்கை தமிழினி. அவளை அத்தையின் மகன் மணிமாறனுக்குக் கட்டிக்கொடுத்து அன்றைக்கு நாற்பத்தோராம் நாள். எடப்பாடியிலிருந்து பஸ் ஏறிப் பள்ளிபாளையம் வந்திருக்கிறார்களே என்று அவசரமாக உலை வைத்தேன்.

"சோறெல்லாம் வேண்டாஞ் சாமி. ஒரு படம் பண்ணோணும்," என்றார் அத்தை.

படம் பண்ணுவதுதான் என் பிழைப்பு. கல்யாணமோ காதுகுத்தோ, போட்டோவைக் கொடுத்தால் துணியில் ஏற்றிச் சட்டம் அடித்துத் தருவேன். படத்தை இடம் வலம் மாற்றித் தாளில் அச்சடிப்பேன். காடாத் துணியில் பசை தடவி, அதன்மேல் தாளைக் கவிழ்த்து ஒட்டிக் காயவிடுவேன். மறுநாள் தண்ணீர் தெளித்து விரலால் தேய்த்தால், எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது உடம்பில் அழுக்குத் திரளுமே, அப்படித் தாள் திரிதிரியாக உருண்டு வந்துவிடும். மை மட்டும் துணியில் தங்கும்.

ஆல்பத்தைத் திறந்தேன். அது என் தங்கை கல்யாணம் இல்லை. மணிமாறனின் முதல் கல்யாணம். பக்கத்தில் நிற்பவள் ஜெயப்பிரியா. ஒன்றரை வருஷத்துக்கு முன் அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் கால் தவறி விழுந்து செத்துப்போனவள்.

"வெள்ளிக்கெழம புது ஊட்டுல பால் காய்ச்சறோம். ஹால்ல நாலடிக்குப் படம் மாட்டோணும். இவ கல்யாணத்தத்தான் கோயில்ல இருவது பேர வெச்சு முடிச்சுட்டமே, படமே சரியில்ல. இந்தச் சேலையும் நகையும் பாரு, எத்தன லட்சணம்! உடம்பு அப்படியே இருக்கட்டும். தலைய மட்டும் எடுத்துட்டு இவ தலைய வெச்சிரு."

எனக்குக் காது கூசியது. "செத்த புள்ளைங்க அத்தை அது."

"அதுக்குத்தான சொல்றேன். செத்தவ மூஞ்சிய எவ பாத்துக்கிட்டு இருக்கறது?"

தூ! வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனேன். தமிழினி பின்னாலேயே வந்தாள்.

"செஞ்சு குடுத்துரு அக்கா," என்றாள் குரலைத் தாழ்த்தி. "இல்லீன்னா ஊட்டுக்குப் போனதும் என்னையத்தான் வறுத்தெடுப்பாங்க. நா அங்க நல்லா இருக்கோணுமா, வேண்டாமா?"

அம்மா போனபின் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. நாகதோஷம் என்று முப்பத்திரண்டு வயது வரை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இரண்டாம் தாரமானாலும் பரவாயில்லை என்று தலையாட்டியது நான்தான். அவள் அங்கே நல்லா இருந்தாக வேண்டும். அதனால் அந்தக் கருமத்தைச் செய்தேன்.

கம்ப்யூட்டரில் ஜெயப்பிரியாவின் தலையைக் கழுத்துக்கு மேலே வெட்டினேன். கோயிலில் எடுத்த தமிழினியின் முகத்தைப் பொருத்தினேன். ஒரு நூல் பிசகில்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து போய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

புதன்கிழமை பத்து மணிக்குத் தேய்க்க உட்கார்ந்தேன். பக்கத்து ஷெட்டில் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையின் பட்டு வேட்டி, மாலை, அவள் சேலை எல்லாம் பளிச்சென்று வந்தன.

கழுத்துக்கு மேலே வந்தேன்.

பாசித் தண்ணீர் வாடை அடித்தது.

வாளியை மோந்து பார்த்தேன். குழாய்த் தண்ணீர்தான், வாடையே இல்லை. வாடை துணியிலிருந்து வந்தது. பல நாள் தேங்கிக் கிடந்த தண்ணீரில் எலி ஏதாவது செத்து ஊறினால் வருமே, அந்த வாடை. மூச்சை அடக்கிக்கொண்டு தேய்த்தேன். தாள் உருண்டது. ஆனால் வெள்ளையாக இல்லை, இளஞ்சிவப்பாக இருந்தது. தண்ணீரில் கரையவுமில்லை. கொழகொழவென்று விரலோடு ஒட்டியது. அதற்குள்ளிருந்து ஒரு நீள முடி வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

சீ!

உதறிவிட்டுப் பார்த்தால், தமிழினியின் முகம் மொத்தமாக உருண்டு போயிருந்தது. அந்த இடத்தில் வெறும் துணி.

பசைதான் கோளாறு என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். முகத்தை மட்டும் மறுபடி அச்சடித்து ஒட்டினேன். வியாழன் காலை மறுபடியும் தேய்த்தேன். இம்முறை விரலுக்கடியில் வெதுவெதுப்பாக இருந்தது. முகம் மறுபடியும் உருண்டு வந்தது. கூடவே, நேற்றுச் சுத்தமாக இருந்த ஜெயப்பிரியாவின் கழுத்தில் ஏதோ கறுத்திருந்தது.

ஒரு பக்கம் நான்கு தடம். மறுபக்கம் ஒன்று.

கைவிரல் தடம்.

கம்ப்யூட்டரில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் அப்படி எதுவுமே இல்லை. கால் தவறியவளுக்குக் கழுத்தில் ஏது விரல்? தமிழினிக்குப் போன் போட்டேன்.

"தமிழு, ஒண்ணும் பேசாத. கெளம்பி இங்க வந்துரு."

"எங்கக்கா வாரது? மூஞ்சியே போயிருச்சு." அழுகிறாளா, முனகுகிறாளா என்று தெரியவில்லை. "நேத்துப் பத்து மணிக்குத் திடீர்னு எரிய ஆரம்பிச்சுது. யாரோ தேய்க்கற மாதிரியே இருந்துச்சு. தோலு திரிதிரியா உருண்டு வருது. இப்பக் கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி மறுபடியும்..."

என் நகக்கண்ணைப் பார்த்தேன். அங்கே ஒட்டியிருந்தது தாள் இல்லை.

வாளியிலேயே வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்து இந்தக் கையால் நான் சோறு பிசைவதில்லை, ஸ்பூனில்தான் தின்கிறேன்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எடப்பாடிக்குப் பறந்தேன். தமிழினி ஈரத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மூலையில் சுருண்டு கிடந்தாள். துண்டை விலக்கிப் பார்த்த நான் உடனே மூடிவிட்டேன். மணிமாறன் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"ஜெயப்பிரியா கழுத்தப் புடிச்சது யாரு?" என்று அவனிடமே கேட்டேன்.

அவன் தன் வலது கையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

"கெணத்துல உழுந்தவளப் பத்தி இப்பென்ன பேச்சு?" என்று அத்தை குறுக்கே வந்தார். "இவளக் கூட்டிட்டுப் போ கண்ணு. இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பால் காய்ச்ச முடியாது. சரியானதுக்கப்பறம் கொண்டாந்து உடு."

மனித ஜென்மங்களா இதுகள்! அங்கேயே காறித் துப்பிவிட்டு, என் தங்கையை வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்தேன்.

என் வீட்டுக் கதவைத் திறந்தேன். நான் தேய்த்துவிட்டுப் போன துணியில் படம் முழுதாக இருந்தது. கழுத்துக்கு மேலே ஜெயப்பிரியாவின் முகம். நான் அதை அச்சடிக்கவே இல்லை.

கைகூப்பினேன். "உன்ற படத்த நீயே வெச்சுக்க சாமி. எந்தங்கச்சிய உட்டுரு."

கேட்டுக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். ஈரோட்டு டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவத் தடவ, ஒன்பதே நாளில் புதுத் தோல் வந்தது. அதே மூக்கு, அதே கன்னம், என் தமிழினி முகமேதான். கட்டிப் பிடித்து அழுதேன். அவள்தான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வலி போனதும் பேசுவாள் என்றார் டாக்டர்.

பத்தாம் நாள் மணிமாறன் பைக்கில் வந்து வாசலில் நின்றான். போலீசுக்குப் போவேன், உயிரே போனாலும் அனுப்ப மாட்டேன் என்று கத்தினேன். தமிழினி உள்ளேயிருந்து தலை வாரிக்கொண்டு வந்தாள்.

"நா ஊட்டுக்குப் போறேனுங்க," என்றாள் என்னைப் பார்த்து. "ரொம்ப நாளாச்சுங்க."

அது அவள் குரல் இல்லை. கையைப் பிடித்தேன். ஊறிப்போன சோறாட்டம் வழுக்கியது.

"தமிழு! என்ன புள்ள இது?"

"தமிழினிங்களா?" என்று என் காதோரம் குனிந்தாள். பாசி வாடை குப்பென்று அடித்தது. "அவ அடியில இருக்கறாளுங்க. எனக்குப் பதுலா."

போய் அவன் பின்னால் உட்கார்ந்தாள். கையை அவன் தோளில் போட்டு மெதுவாகக் கழுத்துக்கு நகர்த்தினாள். பெண்டாட்டி கொஞ்சுகிறாள் என்று அந்த நாய் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

அவர்கள் பின்னால் நான் போகவில்லை. நேராக எடப்பாடிக்கு, ஜெயப்பிரியா விழுந்த தோட்டத்துக் கிணற்றுக்குப் போனேன். எழுபதடி ஆழம், அடியில் பச்சைத் தண்ணீர். பக்கத்துக் காட்டில் வேலையாக இருந்த சென்றாயன் என்பவரைக் காலில் விழாத குறையாகக் கூப்பிட்டு, கயிறு கட்டி இறங்கச் சொன்னேன். மூன்று தடவை முங்கித் துழாவினார்.

மேலே வந்து தலையைத் துவட்டினார். "அடி மட்டும் பாத்துட்டனுங்க. சேறுதான் இருக்குது. ஆளு யாருமில்லீங்க."

உள்ளே எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"அக்கா."

குரல் அடியிலிருந்துதான் வந்தது.

"அக்கா, நா எப்ப மேல வாரது?"

திரும்பிப் பார்த்தேன். சென்றாயன் துண்டைக் கீழே போட்டுவிட்டு, வரப்பில் ஓடிக்கொண்டிருந்தார்.