சின்னானும் பாலை எலியும்

"செத்தவரு புரூஃப் பாக்காரும்மா." வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார் அச்சக முதலாளி ராஜபாண்டியன். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் பொன்னுத்தங்கம் அவரை உட்காரச் சொன்னார்.

சிவகாசியில் ராஜபாண்டியனுடைய அச்சகத்தில் இருபது வருஷம் பிழை திருத்தியவர் சோலைமலை. போன மாதம் ஆமத்தூர் விலக்கில், ஊர்ச்சாலை பிரியும் இடத்தில், பட்டப்பகலில், எதிரே வந்த லாரி தெரியாமல் ரோட்டைக் கடந்து இறந்துபோனார். அதன்பிறகும் மாடியில் அவர் மேஜையில் வைக்கும் தாள்கள் சாப்பாட்டு இடைவேளைக்குள் திருத்தப்பட்டுவிடுகின்றன. அவர் எழுத்து, அவர் சிவப்பு மை.

"மாடிக்கு ஏறவே எல்லாரும் பயப்படுதாக. அவரு சம்சாரம் கற்பகவல்லி, எட்டாவது படிச்சது, கீழ பைண்டிங்ல பசை தடவுது. அதுகிட்ட இத எப்படிச் சொல்ல?"

பொன்னுத்தங்கத்திடம் முன்பு ஏட்டாக இருந்த பாண்டிச்செல்வம்தான் முதலில் மாடியேறினார். காலி நாற்காலியைத் தொடாமல் சுற்றிப்போய் மேஜையருகே நின்றார்.

மேஜையில் பள்ளிக்கூட விளக்கப்படத்தின் புரூஃப். ஒருபக்கம் பாடும் பறவையான மஞ்சள்தொண்டைச் சின்னான், மறுபக்கம் பாலைவன எலி. எலியை முயல் வரிசையில் சேர்த்திருந்ததை அடித்து, 'கொறிணிகள்' என்று எழுதியிருந்தது. இரண்டுக்கும், அழியும் ஆபத்து எவ்வளவு என்ற இடத்தில், 'கவலை குறைந்த இனம்' என்று அச்சாகியிருந்தது. எலிக்கு அதை விட்டுவிட்டு, சின்னானுக்கு மட்டும் 'அழிய வாய்ப்புள்ள இனம்' என்று திருத்தியிருந்தது.

"யாரோ அவரு எழுத்தப் பாத்துப் பழகியிருக்காகம்மா!" என்றார் பாண்டிச்செல்வம், பின்னால் ஏறிவந்த பொன்னுத்தங்கத்திடம்.

பொன்னுத்தங்கம், சோலைமலை உயிரோடிருந்தபோது திருத்திய தாள்களை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "ஓரத்தைப் பாருங்க."

புதுத்தாளில் காய்ந்த பசை ரேகை. மூன்று வருஷப் பழைய தாளிலும் அதே ரேகை.

"மாடியில் பசை ஏது, பாண்டிச்செல்வம்? பகல்ல லாரி தெரியாதவருக்குப் பொடி எழுத்து தெரியுமா? யாரும் அவர் கையெழுத்தைக் காப்பியடிக்கல. சில வருஷமாவே இது அவர் எழுத்தில்லை."

கூப்பிட்டதும் கற்பகவல்லி வந்தாள். மறுக்கவில்லை.

"நாலு வருசமா அவுகளுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. சொன்னா வேலை போயிரும்னாக. சாப்பாட்டு நேரத்துல நான் வாசிப்பேன், அவுக தப்பச் சொல்லுவாக, நான் எழுதுவேன். இப்பவும் தப்போட வெளிய போனா அவுக பேருல்லா கெடும்?"

ராஜபாண்டியன் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். பிறகு, "நாளைலருந்து இந்த மேசை ஒனக்குத்தாம்மா" என்றார்.

பாண்டிச்செல்வத்துக்கு ஒன்று உறுத்தியது. "தாயி, எட்டாவதுதான படிச்சிருக்க? சின்னான் அழியப்போற இனம்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"எனக்கெங்க தெரியும்? இந்தத் தாளையும் எப்பவும்போலச் சத்தமா வாசிச்சேன். அந்த வரி வந்ததும் அவுக நிப்பாட்டச் சொன்னாக."

பாண்டிச்செல்வம் பொன்னுத்தங்கத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் அதற்குள் படியிறங்கிக்கொண்டிருந்தார்.