மேல் பொத்தான் மட்டும்

காலை 8.10. தையல்காரி கதவைத் திறந்தபோது மகாராணி துணி அலமாரியின் காலடியில் கிடந்தாள்.

மகாராணி என்பது தெரு வைத்த பெயர். ஓய்வுபெற்ற தட்டச்சுக்காரி. ஐம்பது வருஷத்துக்கு முன் யாரோ உடுத்திக் கழித்ததைப் பழந்துணிக் குவியலில் கிளறி எடுத்து, சில்லறைக் காசுக்கு வாங்கி, அளவு பார்த்துத் தைத்துப் போட்டுக்கொண்டு நடந்தால் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும். இப்போது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. வலது கை, அலமாரியில் தொங்கிய பச்சைக் கம்பளிக் கோட்டின் கீழ் விளிம்பை இறுகப் பற்றியிருந்தது.

8.45-க்கு இன்ஸ்பெக்டர் வந்தாள். கேள்வி ஒன்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது அவள் வழக்கம். அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல் எதிரில் இருப்பவர்கள் கேட்காததையும் கொட்டிவிடுவார்கள். ஏட்டு அவளுக்கு நேர்மாறு. அவர் வாய்க்கு ஓய்வே கிடையாது.

இழுப்பு முற்றி மூச்சு நின்றிருக்கிறது, நேற்று மாலை ஆறிலிருந்து ஏழுக்குள் என்றார் மருத்துவர். உடம்பில் காயம் இல்லை. ஆனால் கட்டிலருகே எப்போதும் இருக்கும் இன்ஹேலர் வீட்டில் எங்குமே இல்லை. கதவு சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் வகை. மாற்றுச் சாவி தையல்காரியிடம் மட்டும் இருந்தது. அலமாரியில் கோட்டும் மேல்சட்டையுமாகப் பன்னிரண்டு உருப்படிகள். செத்தவள் பிடித்திருந்த பச்சைக் கோட்டைத் தவிர மற்ற பதினொன்றும் மேல் பொத்தான் மட்டும் போட்டு வரிசையாகத் தொங்கின. அவற்றின் பைகள் வெளியே இழுக்கப்பட்டு, நாக்குத் தள்ளியதுபோல் இருந்தன.

ஏட்டுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேற்று ஐந்து மணிக்கு, தைக்க வாங்கிப்போன பச்சைக் கோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த தையல்காரி காசுக்காகப் பைகளைத் துழாவியிருக்கிறாள். கிழவி பார்த்துவிட்டாள். ஆத்திரத்தில் இழுப்பு வந்தது. இவள் மருந்தைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். காலையில் அளவு பார்க்க வந்தேன் என்று நாடகம்.

இன்ஸ்பெக்டர் செத்தவளின் விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

10.20. மூன்று தெரு தள்ளி இருந்தது மகாராணியின் தங்கை நடத்தும் பழந்துணிக் கடை. சேதி முன்பே போயிருந்தது. தங்கையின் கண் காய்ந்திருந்தது. மேசைமேல் அவிழ்த்த மூட்டை. பேசும்போதும் அவள் கை நிற்கவில்லை. ஒரு சட்டையை உருவினாள். பையை வெளியே இழுத்து, அதில் கிடந்த பழைய பஸ் டிக்கெட்டைத் தகர டப்பாவில் போட்டாள். கழுத்துப் பொத்தானை மாட்டி ஹேங்கரில் தொங்கவிட்டாள். அடுத்ததில் ஒரு சீப்பு. அதுவும் டப்பாவுக்குள் போனது.

"அக்கா வீட்டுக்குக் கடைசியா எப்பப் போனீங்க?"

"மாசம் ஒண்ணாச்சு. அங்க போறதையே விட்டுட்டேன்."

இன்ஸ்பெக்டர் சும்மா இருந்தாள். சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது. தங்கை மெல்லத் தொடங்கினாள். அந்தப் பச்சைக் கோட்டு இந்தக் கடை மூட்டையில்தான் வந்தது. பூச்சி அரித்தது என்று கந்தலில் வீசியிருந்தாள். அக்கா ஒரு டீ காசுக்கு எடுத்துப்போனாள். மறுவாரமே சினிமாவுக்கு உடை சேர்க்கும் ஆள் ஒருவன் அதே மாதிரிக் கோட்டைத் தேடி வந்து, கடையின் ஆறு மாத வியாபாரத்தை விலையாகச் சொன்னான். திருப்பிக் கேட்டாள். அக்கா தரவில்லை. அதோடு விட்டாளா? வாராவாரம் அதை மாட்டிக்கொண்டு வந்து, வாடிக்கையாளர் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாள்.

"என்ன சொல்வாங்க?"

"'உனக்குக் கண்ணு மூஞ்சியில இருக்குடி, துணியில இல்லை.' எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். வேற என்ன செய்ய?"

11.30. ஏட்டு ஜீப்பை மகாராணி வீட்டு வாசலுக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார். தெரு முழுக்க வேடிக்கை. தையல்காரி இன்ஸ்பெக்டரின் காலைப் பிடிக்கக் குனிந்தாள்.

"ஒரு தடவை ஜீப்புல ஏத்திட்டா முடிஞ்சுதும்மா. நாளைக்கு விட்டாலும் எவ என்கிட்டத் துணி குடுப்பா? எனக்கு அந்த மெஷின் ஒண்ணுதான்."

"நேத்து கோட்டுல என்ன தச்சே?"

தையல்காரி தயங்கினாள். யாரிடமும் சொல்லாதே என்று அந்தம்மா சொல்லியிருந்தார்களாம். இடது மார்புக்கு நேரே, உள்துணிக்குள் சின்னதாக ஒரு பை. வெளியே போகும்போது அவசரத்துக்கு இன்னொரு இன்ஹேலர் வைத்துக்கொள்ள.

இன்ஸ்பெக்டர் அலமாரியிடம் போய்ப் பச்சைக் கோட்டுக்குள் கை விட்டாள். இருந்தது. புத்தம் புதிது. தரையில் விழுந்தவளுக்கு விளிம்புவரைதான் கை எட்டியிருக்கிறது.

"இது இங்க இருக்குன்னு தெரிஞ்சவ, மருந்தை ஒளிக்க நினைச்சா இதை விட்டுட்டா போயிருப்பா?" என்று ஏட்டிடம் கேட்டாள். ஏட்டு ஜீப்பைத் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். அவள் விடவில்லை. "திருடன் பையை இழுப்பான். சரி. பொத்தானை எதுக்குய்யா போடுறான்?"

12.15. இன்ஸ்பெக்டர் கடையின் தகர டப்பாவை மேசைமேல் கவிழ்த்தாள். டிக்கெட்டுகள், சீப்பு, கொண்டை ஊசிகள். நடுவே நீல இன்ஹேலர் ஒன்று உருண்டு நின்றது. அதில் மருந்துக்கடை ஒட்டிய சீட்டில் அக்காவின் பெயர்.

தங்கை அதை முதன்முதலாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

"உங்க கடையில பை வெளியே தொங்கினா, அதைப் பார்த்தாச்சுன்னு அடையாளம். மேல் பொத்தான், துணி ஹேங்கர்ல இருந்து நழுவாம இருக்க. பையில கிடைச்சது டப்பாவுக்கு. முப்பது வருஷமா உங்க கைக்கு இது மட்டும்தான் தெரியும். அங்க இதைக் கையில எடுத்துக்கிட்டு நின்னீங்க. அவங்க மூச்சு நிக்கிற வரைக்கும் சும்மா நிக்க உங்க கைக்குத் தெரியலை. சரக்கு பார்த்துச்சு. பதினொண்ணு."

தங்கை ஒரு கொண்டை ஊசியை எடுத்து மறுபடி டப்பாவில் போட்டாள்.

"கோட்டைக் கேட்கத்தான் போனேன்," என்றாள் தங்கை. "வழக்கமான பேச்சைப் பேசினா. பேசும்போதே இழுப்பு வந்துச்சு. மருந்தை நான் எடுத்துட்டேன். தவழ்ந்து வந்து கோட்டைப் பிடிச்சா. சாகும்போதும் விடமாட்டேங்குறா பாருன்னு நினைச்சேன். இழுத்தா கிழிஞ்சிடும். எப்படியும் எனக்குத்தானே வரும்னு விட்டுட்டேன்."

"அவங்க பிடிச்சது கோட்டுக்காக இல்லை." இன்ஸ்பெக்டர் புதிய இன்ஹேலரைப் பழையதன் பக்கத்தில் வைத்தாள். "அதோட உள்பையில இது இருந்துச்சு. உங்க கண்ணுல படலை."

தங்கை இரண்டையும் பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது அழுகை என்று ஏட்டு நினைத்தார். இன்ஸ்பெக்டர் அப்படி நினைக்கவில்லை.

வாசலுக்கு நடத்திச் சென்றபோது தங்கை நின்று திரும்பினாள்.

"அந்தக் கோட்டைச் சாட்சிப் பொருள்னு மடிச்சு மூட்டை கட்டிடாதீங்க," என்றாள். "மடிப்பு விழுந்தா போகாது. ஹேங்கர்ல மாட்டச் சொல்லுங்க."