அவள் சொல்லாத வரிகள்

அவள் வாயே திறக்கவில்லை. ஆனாலும் திரையில், பாதியில் நின்ற விவாகரத்து நோட்டீசின் நடுவே, "தூங்குது" என்று ஒரு சொல் வந்து விழுந்தது.

வக்கீல் ஆபீசுக்கு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கிறவள் அவள். பிரசவத்துக்குப் பிறகு மணிக்கட்டு வலி. அதனால் வாயால் சொல்வாள், கம்ப்யூட்டர் அடித்துக்கொள்ளும். நேற்று கொழுந்தன் வந்து புது சிஸ்டம் ஏற்றிவிட்டுப் போனதிலிருந்து திரை மினுங்குகிறது, பிரிண்டர் அசைய மாட்டேன் என்கிறது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். அவனுக்கே போன் போட்டாள்.

"புதுசு ஏத்துனா ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும் அண்ணி. டிவி சத்தம் கேட்டா அதையும் எழுதும். தானா சரியாயிடும்."

"இங்க டிவியே ஓடல. நானும் குழந்தையும்தான் இருக்கோம்."

"அப்ப மைக்கப் பிடுங்கிட்டு கையால அடிங்க."

போனை வைத்தாள். மதிய வெயில் ஜன்னல் திரையைத் தாண்டி மேசைமேல் மஞ்சளாகப் படுத்திருக்க, மின்விசிறியின் கிறீச்சையும், உள்ளறைக் கதவிடுக்கில் கசியும் பால் வாசத்தையும் தவிர வீட்டில் வேறு எதுவுமே இல்லை.

அடுத்த வரி வந்தது.

"கால் வெளிய இருக்கு. போர்த்திட்டேன்."

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். ஏழு மாதக் குழந்தை தொட்டிலில் அயர்ந்து தூங்கியது. கால்மாட்டில் அவள் மடித்து வைத்த போர்வை இப்போது அதன் கழுத்துவரை, ஓரமெல்லாம் செருகப்பட்டு இருந்தது. நானேதான் போர்த்தியிருப்பேன், ராத்தூக்கம் இல்லாத மூளை, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தூக்கினால் விழித்துக்கொள்ளும், நோட்டீஸ் நாலு மணிக்குள் போயாக வேண்டும். கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வந்து மைக்கைப் பிடுங்கினாள்.

வயர் கையில் இருந்தது. திரை எழுதியது.

"கதவச் சாத்துறேன்."

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக. பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்று சாத்துவதைப் போல.

"அழாத. தூக்கிக்கிறேன்."

பாய்ந்தாள். கைப்பிடி திரும்பவில்லை. தோளால் இடித்தாள். மறுபடி இடித்தாள். திறந்தது.

தொட்டில் காலி.

அதற்கு மேலே, ஆள் உயரத்தில், வெறும் காற்றில் கன்னத்தை அழுத்தித் தூங்கிக்கொண்டிருந்தது குழந்தை. முதுகில் சட்டை அமுங்கி எழுந்தது. அமுங்கி எழுந்தது.

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

குழந்தை ஒரு அடி பின்னால் போனது.