பொருந்தாத கை

மழைக்குப் பயந்து ஓடிவந்தவள், கதவைத் திறந்தவன் மார்பிலேயே மோதினாள். கழுத்தில் சுளீரென்றது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"நல்லாத் தெரியுது. உங்களுக்குத்தான் கழுத்து திரும்பல போல... அதுக்குத்தானே வந்தீங்க?"

லாராஸ் முறைத்தாள். சோலோ நகரில் நாட்டியமாடுகிறவள். கழுத்தை இடமும் வலமும் நழுவவிடுவதுதான் அவள் ஆட்டத்துக்கே உயிர். அந்தக் கழுத்துதான் இப்போது பிடித்துக்கொண்டு மரமாக நின்றது.

அவளைப் படுக்கவைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து கழுத்தைத் தொட்டான்.

"மெதுவா, டாக்டர்..."

"டாக்டர் இல்லங்க. எலும்பைத் திருப்பி விடுறவன். பேரு குன்தோரோ. மத்த ஆம்பளைங்களைக் கூப்பிடுற மாதிரி 'மாஸ்'னே கூப்பிடுங்க. கை மரத்துப் போகுதா? தலை சுத்துதா?"

"இல்ல, மாஸ்."

"மூச்சை விடுங்க."

"விட்டுட்டேன்."

"பொய்! தோள் தூக்கிட்டு நிக்குதே..."

அவள் சிரித்துவிட்டாள். அந்த நொடியில் சட்டென்று திருப்பினான். 'சடக்!' பயந்து கண்ணைத் திறந்தாள்... மேலே, தலைகீழாக, அவன் கண்கள். வெளியே பெய்த மழை அப்புறம் அவள் காதில் விழவே இல்லை.

வலி அன்றைக்கே போய்விட்டது. லாராஸ்தான் போகவில்லை. "இன்னும் வலிக்குது மாஸ்..." என்று வந்துகொண்டே இருந்தாள். அந்த ஊரில் ஒரு பெண் வேறு என்ன சொல்லிக்கொண்டு வந்து நிற்பது? ஒவ்வொரு முறையும் அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியதை, அசட்டுப்பெண், களைப்பு என்று நினைத்தாள்.

ஒரு மாலை அவன் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்.

"இனிமே வராதீங்க. என் கைக்கும் உங்க உடம்புக்கும் பொருத்தமில்ல. சலத்திகா ஊர்ல இதே வைத்தியம் பண்ற ஒரு அம்மா இருக்காங்க, அவங்ககிட்டப் போங்க..."

வைத்தியம் பலிக்காவிட்டால் அங்கே யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. பொருத்தமில்லை என்பார்கள். அதற்குமேல் பேச்சே கிடையாது.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாளே! உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால்... அவனே போய்விடுவான். செருப்பைத் தேடினாள், கண்ணீரில் எதுவும் தெரியவில்லை.

உள்ளே அவன் தனக்குத்தானே முணுமுணுத்தான்.

"கழுத்தோடயே சேராத கை... வேற எதுக்கு ஆசைப்படுது?"

லாராஸ் நின்றாள். திரும்பி வந்து அவன் எதிரே நிமிர்ந்தாள். ஈரக் கண்களோடு, மேடையில் ஆடுவதுபோல், கழுத்தை இடப்பக்கம் நழுவவிட்டாள்... வலப்பக்கம்... மறுபடி இடப்பக்கம். எங்கும் தடங்கல் இல்லை.

அவன் முகம் வெளுத்தது.

"எப்போ சரியாச்சு?"

"முதல் தடவையிலேயே..."

"ஒண்ணுமில்லாத கழுத்தையா இத்தனை நாள் திருப்பினேன்? ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன், லாராஸ்! இனி சத்தியமா இந்தக் கழுத்துல கை வைக்க மாட்டேன்."

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று அவள் தலை குனிந்தாள்.

அவன் கை அவள் முன்னே நீண்டது.

"கழுத்து வேணாம்... உங்க கையைக் குடுங்க."