லாரியாகிப் போன கடலை வண்டி

ஹரிணி இருளாயி அக்காவுக்குக் கொடுக்க வேண்டியது முப்பத்தேழு ரூபாய்.

நாலு பொட்டலம் அவித்த கடலை, நாற்பது ரூபாய். அதில் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் கிடந்த மூன்று ரூபாயை ஒருநாள் கொடுத்திருந்தாள். மிச்சத்தைக் கேட்டால், "நாளைக்குத் தாரேன்க்கா" என்பாள். அந்த நாளைதான் வந்தபாடில்லை.

இருளாயி அக்காவும் அதட்டிக் கேட்கிற ஆள் இல்லை. "ஒன் நாளைக்கு என்னைக்குத்தான் விடியுமோ!" என்று சிரித்துவிட்டு, அடுத்த பிள்ளைக்குக் கடலை அள்ளப் போய்விடுவார்.

ஆலங்குடிக்குப் போகிற சாலையில்தான் ஹரிணியின் பள்ளிக்கூடம். அதன் வாசலை ஒட்டி இருளாயி அக்காவின் தள்ளுவண்டி நிற்கும். சாயங்காலம் பள்ளி விடும்போது அந்தச் சாலை படுகிற பாட்டைச் சொல்லி மாளாது. பஸ், வேன், டூவீலர், தேங்காய் ஏற்றிய வண்டி எல்லாம் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நிற்கும். ஹாரன் சத்தத்தில் காது அடைத்துப் போகும். சின்னப் பிள்ளைகள் சாலையைக் கடப்பதற்குள் பெற்றவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும்.

இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று சாலை இன்ஜினியர் அருள்தாஸ் நினைத்தார். வனிதா டீச்சரிடம் ஒரு மென்பொருளைக் கொடுத்தார். "பிள்ளைங்களுக்குத்தான் இந்த ரோடு நல்லாத் தெரியும். அவங்களே கம்ப்யூட்டர்ல வரைஞ்சு காட்டட்டும்" என்றார்.

அந்த வேலை ஏழாம் வகுப்பு ஹரிணிக்கும் முத்துராஜுக்கும் வந்தது.

பார்க்க அது விளையாட்டு மாதிரிதான் இருந்தது. முதலில் சாலையைக் கோடு இழுத்து வரைய வேண்டும். திரையின் ஓரத்தில் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். பஸ் நிறுத்தம், வேகத்தடை, சிக்னல், ஆள் கடக்கிற வரிக்கோடு, நிற்கும் வண்டி என்று என்னென்னவோ. வேண்டியதை எடுத்துச் சாலைமேல் வைத்தால் பச்சக் என்று ஒட்டிக்கொள்ளும். சாலை இல்லாத இடத்தில் வைத்தால், "ஊஹூம்" என்பதுபோல் சிவப்பாக மின்னிவிட்டு விழுந்துவிடும். எல்லாம் வைத்து முடித்து ஒரு பொத்தானை அழுத்தினால், எறும்புச் சாரை மாதிரி வண்டிகள் ஓடும். நெரிசல் வந்தால் அந்த இடம் சிவக்கும்.

"ரோட்டுல என்னென்ன இருக்கோ, ஒண்ணு விடாம வைங்க" என்று சொல்லியிருந்தார் வனிதா டீச்சர்.

நிழற்குடை இருக்கிற இடத்தில் ஹரிணி பஸ் நிறுத்தத்தை வைத்தாள். முத்துராஜ் வேகத்தடையை வைத்தான். ஒன்று போதாதென்று நாலு வைத்தான்.

"டேய், நெசத்துல ஒண்ணுதானே இருக்கு?"

"எங்க மாமா போற வேகத்துக்கு நாலு வேணும்."

மூன்றை எடுத்துப் போட்டுவிட்டு, "இருளாயி அக்கா வண்டி?" என்றாள் ஹரிணி.

படங்களில் எங்கே தேடியும் தள்ளுவண்டி இல்லை. அக்கா இல்லாத பள்ளிக்கூட வாசலை எப்படி வரைவது? ஹரிணிக்கு மனசு கேட்கவில்லை. 'நிற்கும் வண்டி' படத்தை எடுத்து வாசல் பக்கம் வைத்தாள். 'இருளாயி அக்கா கடை' என்று அதற்குப் பெயரும் எழுதினாள். அழகாகத்தான் இருந்தது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது மறுநாள்தான்.

வியாழக்கிழமை அருள்தாஸ் சார் வந்து பொத்தானை அழுத்தினார். வண்டிகள் ஓடின. வாசல் பக்கம் வந்ததும் ஒவ்வொன்றாக நின்றன. வரிசை நீண்டது. அந்த இடம் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்தது. அந்தச் சிவப்புக்கு நடுவில், இருளாயி அக்கா கடை!

"ஓகோ, இந்தக் கடைதான் ரோட்ட மறிக்குதா?" என்றார் அருள்தாஸ் சார். "அப்ப அவங்கள வேற பக்கம் போகச் சொல்லிட வேண்டியதுதான். நாளைக்குச் சாயங்காலம் வந்து பேசிடுறேன், டீச்சர்."

அவர் போனதும் முத்துராஜ் அவள் காதருகே குனிந்தான்.

"யம்மாடி! முப்பத்தேழு ரூவா குடுக்கணுமேன்னு கடையவே தூக்க வச்சுட்டியே! நீ சாதாரண ஆளு இல்ல."

"சும்மா இருடா!" என்றாள். அதற்குள் கண் நிறைந்துவிட்டது.

அன்றைக்கு வாசலில் தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள். விட்டால்தானே?

"என்னத்தா, இன்னைக்குக் கடலை வேணாமா?" இருளாயி அக்கா கூப்பிட்டார். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. "ஏதோ கம்ப்யூட்டருல என் வண்டி ரோட்ட மறிக்கிற மாதிரி காட்டுச்சாமே? வாட்ச்மேன் சொன்னாரு. வேற எங்கிட்டுப் போயி நிப்பேன்? பிள்ளைக இருக்கிற இடத்துலதானே கடலை ஓடும்?"

ஹரிணியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"நாந்தான்க்கா ஒங்க வண்டிய அதுல வச்சேன். நீங்க இல்லாம நல்லா இருக்காதுன்னுதான் வச்சேன். இப்பிடி ஆகும்னு தெரியாது."

இருளாயி அக்கா அவளையே பார்த்தார். பிறகு வண்டியைத் தட்டிக் காட்டினார்.

"இந்தா பாரு. ஒரு கட்டில் நீளம்கூட இல்ல. அதுவும் மண்ணுல நிக்கிது. இது எப்படித்தா பஸ்ஸ மறிக்கும்? நான் என்ன லாரியா வச்சிருக்கேன்?"

லாரி!

ஹரிணி அப்படியே நின்றாள். அவள் எடுத்து வைத்த படத்தில் பின்னால் நீளமாக ஒரு பெட்டி இருந்ததே!

வெள்ளிக்கிழமை காலையில் பிரேயருக்கு முன்னாடியே கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினாள். வனிதா டீச்சர் கதவைத் திறந்துவிட்டார். கடைப் படத்தின்மேல் அழுத்தியதும் ஒரு கட்டம் விரிந்தது. வண்டி வகை: லாரி.

"அடப் பாவமே!" என்றான் பின்னாலேயே வந்த முத்துராஜ். "அக்கா இத்தனை நாளா லாரி நிறையவா கடலை அவிச்சாங்க?"

நீளத்தைத் தள்ளுவண்டி அளவுக்குக் குறைத்தாள். சாலையின் கடைசி ஓரத்துக்கு நகர்த்தினாள். பொத்தானை அழுத்தினாள். வண்டிகள் வழுக்கிக்கொண்டு ஓடின. சிவப்பே இல்லை.

"ஹே!" என்று குதித்தான் முத்துராஜ்.

வனிதா டீச்சர் குதிக்கவில்லை. "நல்லாத்தான் ஓடுது. ஆனா வாசல்ல தெனமும் நெரிசல் இருக்கே, அது எங்க போச்சு? இன்ஜினியர் அதைத்தானே கேப்பாரு?"

அதுவும் சரிதான். நெரிசலே இல்லாத சாலையைக் காட்டினால் யார் நம்புவார்கள்? கடைசியில் பழி மறுபடியும் கடலை வண்டிமேல்தான் வந்து விழும். இன்னும் ஏதோ ஒன்று தப்பாக இருக்கிறது. எது?

கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருந்தால் தெரியாது என்று ஹரிணிக்குப் பட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, முத்துராஜோடு வாசல் கம்பிக்கு உள்ளேயே நின்று சாலையைப் பார்த்தாள்.

புதுக்கோட்டை பஸ் வந்தது. நிழற்குடையைத் தாண்டிப் போனது. கொஞ்ச தூரத்தில் சாலை வளைகிற இடத்தில் ஒரு புளியமரம். அதன் அடியில் போய் நின்றது. பின்னால் வந்த வேனுக்கு எதிரே என்ன வருகிறது என்று தெரியவில்லை. அதுவும் நின்றது. அதன் பின்னால் ஒரு டிராக்டர். அப்புறம் இரண்டு கார்.

"நிழற்குடையில ஏன் நிக்கல?" என்றாள் ஹரிணி.

"அங்க யாரு இருக்கா, நிக்கிறதுக்கு?"

நிழற்குடையில் ஒரே ஓர் ஆடு படுத்திருந்தது. அதுவும் பின்பக்கச் சுவரின் நிழலில்.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்த ஓர் அம்மாவிடம் ஹரிணி கேட்டாள். "நிழற்குடையில ஏங்க யாரும் நிக்க மாட்டேங்கிறாங்க?"

"அது மேற்க பாத்துல்ல இருக்கு! மத்தியானத்துக்கு மேல வெயில் மூஞ்சில அறையும். நிழல் இல்லாத நிழற்குடையில நின்னு வேகச் சொல்றியா? ஆளு நிக்கிற எடத்துலதான் பஸ்ஸும் நிக்கும்."

ஹரிணியும் முத்துராஜும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் தினமும் புளியமரத்தடியில் நின்றுதான் பஸ் ஏறுகிறார்கள். அப்படியிருந்தும் கம்ப்யூட்டரில் வைக்கும்போது, நிழற்குடை என்றால் பஸ் நிறுத்தம் என்று கை தானாக அங்கே வைத்துவிட்டது!

ஒரே ஓட்டம்.

பஸ் நிறுத்தத்தை எடுத்துப் புளியமர வளைவில் வைத்தாள். பச்சக். பொத்தானை அழுத்தினாள். ஒரு பஸ் வந்து நின்றது. அவ்வளவுதான். மளமளவென்று வரிசை சேர்ந்தது. வளைவிலிருந்து பள்ளி வாசல்வரை சிவப்போ சிவப்பு.

"நம்ம ரோடு! அப்படியே நம்ம ரோடு!" என்று கத்தினான் முத்துராஜ். நெரிசலைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

ஹரிணி கடலை வண்டியை எடுத்துவிட்டு ஓட்டினாள். அதே சிவப்பு. திரும்ப வைத்து ஓட்டினாள். அதே சிவப்பு.

"கடை இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்றாள். இரண்டு நாளில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

"அப்ப பஸ்ஸ எங்கிட்டுத்தான் நிறுத்துறது?" என்றான் முத்துராஜ்.

ஹரிணி யோசித்தாள். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு உள்ளே வரிசையாக வேப்பமரங்கள். சாயங்காலம் அவற்றின் நிழல் சாலை ஓரத்தில்தான் விழும். அங்கே சாலை நேராகவும் இருக்கிறது, ஓரத்தில் அகலமாக மண்தரையும் இருக்கிறது. ஓரத்தை அகலமாக வரைந்து, பஸ் நிறுத்தத்தை அங்கே வைத்தாள்.

பஸ் ஒதுங்கி நின்றது. மற்ற வண்டிகள் அதன் பக்கத்தில் தாராளமாகப் போயின. சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காணாமல் போனது.

சாயங்காலம் அருள்தாஸ் சார் வந்தார். ஹரிணி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"சார், முந்தாநாள் நான் தள்ளுவண்டிய லாரியா வச்சுட்டேன் சார். தப்பு என்னோடது. இப்பப் பாருங்க."

ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடையை அவரே எடுத்துப் பார்த்தார், வைத்துப் பார்த்தார். பஸ் நிறுத்தத்தை மூன்று இடத்திலும் மாற்றி மாற்றி வைத்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய்ப் புளியமரத்தையும் நிழற்குடையையும் வெகுநேரம் பார்த்தார். ஆடு இன்னமும் அங்கேதான் படுத்திருந்தது.

"அந்த ஆட்டுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலயே!" என்று சிரித்தார். "திங்கக்கிழமையே செவுத்துப் பக்கம் போர்டு வச்சிருவோம். டிரைவருங்ககிட்டயும் நான் பேசுறேன்."

"அப்ப கடலை வண்டி சார்?"

"அது ஏம்மா போகணும்? அது லாரியா என்ன?"

ஹரிணி வாசலுக்கு ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு பின்தங்கிவிட்டது. "அக்கா! நீங்க இங்கிட்டே நிக்கலாம்! எங்கயும் போக வேணாம்!"

இருளாயி அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு வண்டிப் பிடியில் சாய்ந்துகொண்டார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "நேத்து ராவெல்லாம் தூக்கமில்லத்தா" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஹரிணி அம்மாவிடம் கடலைக் கடனைப் பற்றிச் சொன்னாள். அம்மா ராசாத்தி இடுப்பில் கை வைத்தார். "கடன் வாங்கிக் கடலை தின்ன மொத ஆளு நம்ம வம்சத்துல நீதான்!" திட்டு முடிய ஐந்து நிமிஷம் ஆனது. முடிந்ததும் நாற்பது ரூபாய் வந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் புதுக்கோட்டை பஸ் சுவர் ஓரமாக, வேப்பமர நிழலில் ஒதுங்கி நின்றது. தேங்காய் வண்டி அதைத் தாண்டி ஹாரன் அடிக்காமலே போனது. சின்னப் பிள்ளைகள் வரிக்கோட்டில் கைகோத்துக் கடந்தார்கள்.

ஹரிணி நாற்பது ரூபாயை நீட்டினாள்.

"போத்தா. கடனும் வேணாம், கிடனும் வேணாம். அதை அப்பவே மறந்தாச்சு."

"அப்ப என்னோட பதினஞ்சு ரூவா?" முத்துராஜ் முந்திக்கொண்டு வந்தான்.

"அது சித்தன்னவாசல் பாறையில வெட்டுன எழுத்து மாதிரி அழியாம இருக்குய்யா!"

ஹரிணி சிரித்தாள். ஆனாலும் கையை மடக்கவில்லை. "வாங்கிக்கங்கக்கா. இல்லாட்டி இவன் வேற கதை சொல்லுவான்."

இருளாயி அக்கா பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு டப்பாவில் போட்டார். மூன்று ரூபாயை எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்தார். "கணக்குத் தீந்துச்சுத்தா."

அந்த மூன்று ரூபாய்க்கு ஒரு கைப்பிடி கடலை வாங்கி, ஹரிணி சாலையைப் பார்த்தபடி உரித்துத் தின்றாள். கடன் இல்லாத கடலைக்கு ருசி கொஞ்சம் கூடத்தான்.